குடலில் விழுந்த ஓட்டையும் அதற்கப்புறம் ஓடிய மணி நேரங்களும்

"ஸ்கோப் பண்ணப் போன இடத்துல குடலை ஓட்டை போட்டுட்டாங்களாம், கேஸ் போட்டா எவ்வளவு கிடைக்கும்?" சிங்கப்பூர் தேக்கா கோப்பிக்கடையில் பக்கத்து மேசையில் ஒருவர் இப்படிக் கேட்டதும் அவரைச் சுற்றியிருந்தவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஓட்டை விழுந்தால் தப்பு தப்புதான், லட்சக்கணக்கில் வாங்கலாம் என்றது ஒரு கட்சி. நீதான் சம்மதப் பாரத்தில் (படிவத்தில்) கையெழுத்துப் போட்டுவிட்டாயே, இனி என்ன கிழிக்க முடியும் என்றது இன்னொன்று. இரண்டுமே தவறு என்று எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் முழுதாக விளக்க ஒரு தே தாரிக் போதாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. சில ஆண்டுகள் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் மருத்துவக் கோப்புகளைத் தேதி வாரியாக, மணி வாரியாக அடுக்கிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். தாதி எழுதிய நாடித்துடிப்பு ஒரு தாளில், மருந்துப் பட்டியல் இன்னொரு தாளில், அறுவை சிகிச்சைக் குறிப்பு வேறொரு இடத்தில் என்று சிதறிக் கிடப்பதை எல்லாம் ஒரே கோட்டில் கொண்டு வரவேண்டும். அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: குடல் காயத்தில் ஓட்டை எப்படி விழுந்தது என்பதைவிட, விழுந்த பிறகு எத்தனை மணி நேரம் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதில்தான் பெரும்பாலும் வழக்கே இருக்கிறது.

முதலில் ஓட்டை எப்படி விழுகிறது என்று பார்த்துவிடுவோம்.

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், அதன் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். ஸ்கோப் என்று சுருக்கமாகச் சொல்லும் கோலனோஸ்கோபியில் ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய நெகிழ்வான குழாயை உள்ளே செலுத்தி, காற்றையோ கார்பன் டை ஆக்சைடையோ ஊதிக் குடலை விரித்துப் பார்க்கிறார்கள். மலக்குடலுக்கு மேலே, பெருங்குடல் எஸ் வடிவத்தில் வளையும் இடத்தில்தான் ஓட்டை அதிகம் விழுகிறது. குழாய் அங்கே சுருண்டு பக்கவாட்டில் சுவரை முட்டும். இல்லையென்றால் ஊதிய வாயுவின் அழுத்தம் தாங்காமல் சுவர் கிழியும். பாலிப் என்கிற சதை வளர்ச்சியைச் சூடான கம்பி வளையத்தால் வெட்டும்போது அந்தச் சூடு சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கிவிடுவதும் உண்டு. மொத்தமாகப் பார்த்தால் ஆயிரத்தில் ஒருவருக்கு, சில இடங்களில் அதைவிடக் குறைவாக இது நடக்கிறது. பெரிய பாலிப்பை எடுத்தால் அபாயம் கூடும்.

ஆயிரத்தில் ஒன்று என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் சிங்கப்பூரில் 50 வயதைத் தொட்டவர்கள் எல்லாரையும் மலப் பரிசோதனைப் பெட்டியை வாங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள், அதில் ரத்தம் தெரிந்தால் அடுத்த படி கோலனோஸ்கோபி. குடல் புற்றுநோய் இங்கே அதிகம் வரும் புற்றுநோய்களில் ஒன்று என்பதால் அது சரியான அறிவுரைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அப்படி ஸ்கோப்புக்குப் போகிறவர் பெரும்பாலும் நோயாளியே இல்லை. காலையில் மார்க்கெட்டுக்குப் போய்வந்து, முந்தின நாள் முழுக்கக் கஞ்சித் தண்ணீரும் பேதி மருந்தும் குடித்துவிட்டு, நல்ல உடம்போடு நடந்து போகிறவர். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் குடும்பம் கொதிக்கத்தான் செய்யும். நல்லாத்தானே போனார் என்கிற வார்த்தையை நான் பார்த்த முறையீட்டுக் கடிதங்களில் பாதிக்கு மேல் படித்திருக்கிறேன்.

இன்னொரு வகை கீஹோல் ஆபரேஷன், அதாவது வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சின்னத் துளைகள் வழியாகச் செய்வது. கருப்பை நீக்கம், கருப்பைக் கட்டி, பித்தப்பை, ஹெர்னியா எல்லாவற்றையும் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். வயிற்றுக்குள் வாயுவை நிரப்ப ஓர் ஊசி, பிறகு கருவிகள் போக ஒரு கூர்மையான குழாய். குடல் காயங்களில் கணிசமான பங்கு இந்த முதல் சில நிமிடங்களிலேயே நடந்துவிடுகிறது, ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேமரா பார்ப்பதற்கு முன்னால் உள்ளே போவது அந்த ஊசிதான். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குக் குடல் வயிற்றுச் சுவரின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தொப்புள் வழியாகக் குத்தினால் நேரே குடலில்தான் போய் நிற்கும். இப்படிப்பட்டவர்களுக்கு வேறு இடத்தில், இடது விலா எலும்புக்குக் கீழே நுழைவதும், சின்னதாகக் கீறிக் கண்ணால் பார்த்துக்கொண்டே நுழைவதும் அறுவை மருத்துவர்கள் எல்லாரும் அறிந்த வழிகள்.

கீஹோலில் இன்னும் நயவஞ்சகமானது சூட்டுக் காயம். மின்சாரத்தால் சதையை வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி பக்கத்திலிருக்கும் குடலை ஒரு நொடி தொட்டுவிடுகிறது. அப்போது ஓட்டை இருக்காது, வெளிறிய ஒரு சின்னப் புள்ளி மட்டும் இருக்கும், அதுவும் கண்ணில் படாமல் போகலாம். அந்த இடம் மெல்லச் செத்து நாலைந்து நாளோ ஒரு வாரமோ கழித்து உதிரும்போதுதான் குடலில் இருப்பது வயிற்றுக்குள் கொட்டுகிறது. அதற்குள் நோயாளி வீட்டில், தையல் காய்ந்து, இட்லி சாப்பிட ஆரம்பித்திருப்பார்.

சரி, இப்போது சட்டத்துக்கு வருவோம். ஒரு மருத்துவர் அலட்சியமாக நடந்தாரா என்பதை நீதிமன்றம் முடிவை வைத்துத் தீர்மானிப்பதில்லை. 1957-ல் இங்கிலாந்தில் வந்த போலம் தீர்ப்புதான் அடித்தளம்: அதே துறையில் பொறுப்பான மருத்துவர்கள் ஒரு சாரார் "இப்படிச் செய்வது சரிதான்" என்று சொன்னால், வேறொரு சாரார் மறுத்தாலும் அது அலட்சியம் ஆகாது. மருத்துவருக்கு மருத்துவரே சாட்சி என்றால் என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும். அதற்குத்தான் 1997-ல் பொலித்தோ வழக்கில் ஒரு கடிவாளம் போட்டார்கள்: அந்தச் சாரார் சொல்லும் கருத்துக்குத் தர்க்கம் இருக்கவேண்டும், நீதிபதிக்கு அது முன்னுக்குப்பின் முரணில்லாமல் நிற்கவேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-ல் உறுதிசெய்தது.

அறிவுரை விஷயத்தில் மட்டும் பாதை கொஞ்சம் சுற்றிப் போனது. ஆபத்துகளை எவ்வளவு சொல்லவேண்டும் என்பதை மருத்துவர் கண்ணோட்டத்தில் பார்க்கக்கூடாது, நோயாளி கண்ணோட்டத்தில் பார்க்கவேண்டும் என்று 2015-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-ல் கணைய அறுவை சிகிச்சை பற்றிய வழக்கொன்றில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றமும், சில மாற்றங்களோடு, அந்தப் பக்கம் சாய்ந்தது. 2019 தொடக்கத்தில் ஒரு ஸ்டீராய்டு ஊசியின் பக்கவிளைவுகளைச் சொல்லவில்லை என்று ஒரு மருத்துவருக்கு ஒழுங்கு நடவடிக்கையில் 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதித்தார்கள். டாக்டர்கள் மத்தியில் பெரிய கொந்தளிப்பு, ஊசி போடவே பயப்படுகிறோம் என்றார்கள், அதே ஆண்டு அந்தத் தீர்ப்பு ரத்தும் ஆனது. அந்தச் சூட்டில் அமைத்த பணிக்குழுவின் பரிந்துரைப்படி 2020-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1 ஜூலை 2022 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த விதி, சிவில் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, மறுபடியும் சக மருத்துவர்களின் கருத்தை நடுவில் வைக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: முடிவெடுக்க நோயாளியின் நிலையில் இருக்கும் ஒருவருக்கு நியாயமாகத் தேவைப்படும் தகவலையும், இந்த நோயாளிக்குக் குறிப்பாக முக்கியம் என்று மருத்துவருக்குத் தெரிந்த அல்லது தெரிந்திருக்கவேண்டிய தகவலையும் கொடுக்கவேண்டும் என்று அந்தக் கருத்தே சொல்லவேண்டும்.

ஆக, இரு தரப்புக்கும் பாதிப் பாதி. என் கருத்தில் நியாயமான சமரசம்தான், ஆனால் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு இது அதிகம் உதவாது. "எனக்குக் கடையில் தினமும் மூட்டை தூக்கும் வேலை, இரண்டு வாரத்துக்கு மேல் லீவு போட முடியாது" என்று வாய்விட்டுச் சொன்னவருக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தவருக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு ஒன்றல்ல.

இங்கே நம் ஆட்களின் பிரச்சினை ஒன்று இருக்கிறது. சம்மதப் பாரம் ஆங்கிலத்தில். விளக்குபவர் ஆங்கிலத்தில் சொல்ல, கூடவே வந்த பேரன் கைப்பேசியில் பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு "பாட்டி, குழாய் விட்டுப் பாப்பாங்களாம், ஒண்ணும் ஆகாதாம்" என்று மொழிபெயர்க்கிறான். ஆயிரத்தில் ஒன்று, ஓட்டை, அவசர ஆபரேஷன், தற்காலிகமாக மலம் வெளியேற வயிற்றில் பை என்பதெல்லாம் அந்த "ஒண்ணும் ஆகாதாம்"-இல் கரைந்துவிட்டன. பாட்டி கையெழுத்து போடுகிறார். பிறகு நீதிமன்றத்தில் அந்தக் கையெழுத்தும், "நோயாளிக்கு விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்" என்று மருத்துவர் எழுதிய ஒற்றை வரியும்தான் சான்று. பொது மருத்துவமனைகளில் தமிழ் பேசும் ஊழியர் யாராவது பெரும்பாலும் இருப்பார்கள். கேட்டால் அழைத்து வருவார்கள். கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம்.

ஆனால் சம்மதம் சரியில்லை என்பதை மட்டும் வைத்து வழக்கு ஜெயிப்பது கடினம் என்பதையும் சொல்லிவிடவேண்டும். சரியாகச் சொல்லியிருந்தால் நான் இதைச் செய்துகொண்டிருக்கமாட்டேன் என்று நிரூபிக்கவேண்டும். மலத்தில் ரத்தம் இருக்கிறது, புற்றுநோயாக இருக்கலாம் என்ற நிலையில் ஆயிரத்தில் ஒரு ஆபத்துக்காக யார் ஸ்கோப் வேண்டாம் என்று எழுந்து போயிருப்பார்கள்? நீதிபதி இதைத்தான் கேட்பார். அழகுக்காகச் செய்த சிகிச்சை, அவசரமில்லாத ஆபரேஷன், மருந்தாலேயே சமாளித்திருக்கக்கூடிய கருப்பைக் கட்டி போன்றவற்றில்தான் இந்த வாதத்துக்குப் பலம்.

கோப்பிக்கடையின் இரண்டாம் கட்சிக்கும் இங்கேயே பதில். பாரத்தில் குடல் காயம் ஏற்படலாம் என்று எழுதியிருக்கிறது, நீங்கள் கையெழுத்திட்டீர்கள் என்றால், அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று பொருள், அலட்சியத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று பொருளல்ல. அலட்சியத்தால் வந்த உடல் காயத்துக்கும் மரணத்துக்கும் பொறுப்பேற்கமாட்டோம் என்று எந்தப் பாரத்தில் எழுதினாலும் சிங்கப்பூரில் அது செல்லாது, நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கற்பனைக் கோப்பை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தேழு வயதுப் பெண், இரண்டு சிசேரியன், வியாழக்கிழமை கீஹோல் முறையில் கருப்பை நீக்கம். வெள்ளி மதியம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சனிக்கிழமை வயிற்று வலி கூடுகிறது, வார்டுக்குப் போன் போட்டால் வாயு இருக்கும், நடங்கள், வலி மாத்திரை போடுங்கள் என்கிறார்கள். ஞாயிறு வாந்தி, பக்கத்து கிளினிக்கில் வயிற்றெரிச்சல் மருந்து. திங்கள் இரவு காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, அவசர சிகிச்சைப் பிரிவு. சிடி ஸ்கேனில் வயிற்றுக்குள் காற்றும் நீரும். நடு இரவில் வயிற்றைத் திறக்கிறார்கள், குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, மலம் வெளியேற வயிற்றில் ஒரு பை வைக்கிறார்கள். மூன்று வாரம் மருத்துவமனை, அதில் ஒரு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஆறு மாதம் கழித்துப் பையை எடுக்க இன்னோர் ஆபரேஷன்.

குடும்பம் சொல்வது: குடலைக் குத்திவிட்டார்கள். மருத்துவமனை சொல்வது: அறியப்பட்ட ஆபத்து, மன்னிக்கவும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. நுழைந்த விதம் சரியா, இரண்டு சிசேரியன் ஆனவர் என்பதைக் கணக்கில் எடுத்தார்களா, முடிக்கும் முன் குடலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்களா என்றெல்லாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் இந்தக் கேள்விகளில் பெரும்பாலும், நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று சொல்ல ஒரு நிபுணர் கிடைத்துவிடுவார். கைதேர்ந்தவர் கையிலும் ஓட்டை விழும்.

கோப்பைப் புரட்டி வெள்ளிக்கிழமைத் தாளுக்கு வாருங்கள். காலை ஆறு மணிக்கு நாடித்துடிப்பு 96. பத்து மணிக்கு 108. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு மணிக்கு 118, உடல் வெப்பம் 37.9. அதற்கு எதிரே "நோயாளி நலம், அனுப்பலாம்" என்று ஒரு வரி. ஏன் கூடுகிறது என்று யாரும் எழுதவில்லை, யாரும் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்ததாகவும் இல்லை. கீஹோல் முடிந்தவர் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறவேண்டும், அதுதான் அந்த முறையின் பெருமையே. தேறாமல் மோசமாகிறவருக்குக் குடல் காயம் இல்லை என்று உறுதிசெய்யும் வரை, காயம் இருக்கலாம் என்றே வைத்துப் பார்க்கவேண்டும், இதை எந்த அறுவை மருத்துவரும் மறுக்கமாட்டார். அந்த மூன்று எண்களுக்கு நேரே நின்று "நானும் அனுப்பியிருப்பேன்" என்று தர்க்கத்தோடு சொல்லும் நிபுணரைத் தேடிப் பிடிப்பது சிரமம். வழக்கு இங்கே இருக்கிறது.

சனிக்கிழமை அந்தப் போன் அழைப்பும் அப்படியே. யார் எடுத்தார், என்ன சொன்னார், மருத்துவருக்குத் தகவல் போனதா? வார்டு கோப்பில் அந்த அழைப்பைப் பற்றி எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கணவரின் கைப்பேசியில் மாலை 4.12-க்கு ஒன்பது நிமிடம் பேசிய பதிவு இருக்கும், அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் "வாயுன்னு சொல்றாங்கக்கா" என்று அனுப்பியதும் இருக்கும். அதை எல்லாம் அழித்துவிடாதீர்கள்.

மருத்துவர் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. கீஹோலில் ஊதிய வாயு சில நாள் உள்ளேயே கிடக்கும், அதனால் எக்ஸ்ரேயில் காற்று தெரிவதால் மட்டும் ஓட்டை என்று சொல்லிவிட முடியாது. அந்த வாயுவால் தோள்பட்டை வலிப்பது சாதாரணம், ஓட்டை விழுந்தாலும் அதே தோள்பட்டைதான் வலிக்கும். வலி மாத்திரை அறிகுறிகளை மறைக்கும். சூட்டுக் காயமாக இருந்தால் வெள்ளிக்கிழமை நிஜமாகவே ஒன்றும் இருந்திருக்காது. அந்த 118-ஐ எடுத்துவிட்டுக் கோப்பைப் படித்தால் வழக்கே இல்லை. ஒரு தாள் வித்தியாசம்.

அடுத்தது காரணத் தொடர்பு. குடும்பங்களுக்கு இதை விளக்குவதுதான் மிகக் கடினம். அலட்சியம் நடந்தது என்று நிரூபித்தாலும், அதனால் என்ன கெட்டது என்று தனியாக நிரூபிக்கவேண்டும். வெள்ளிக்கிழமையே கண்டுபிடித்திருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கும், ஏனென்றால் ஓட்டை ஏற்கனவே இருந்தது. ஆனால் சுத்தமான வயிற்றில் சில தையலோடு முடிந்திருக்கலாம். பை, தீவிர சிகிச்சை, ஆறு மாதம், மூன்றாவது ஆபரேஷன் இல்லாமல் போயிருக்கலாம். இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்குத்தான் இழப்பீடு, பட்ட பாடு முழுவதுக்கும் அல்ல. 2019-ல் நுரையீரல் புற்றுநோய் ஒன்றைத் தாமதமாகக் கண்டுபிடித்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படித்தான் பிரித்துப் பார்த்தது: எக்ஸ்ரே அறிக்கைகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு மருத்துவமனையில் சரியில்லை என்று முடிவு செய்தபின், அந்தத் தாமதத்தால் நோய் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போனது என்பதைத் தனியே அலசியது. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பொறுப்பு தனி மருத்துவர்கள் தலையில் விழவில்லை, மருத்துவமனையின் ஏற்பாட்டின் மேல் விழுந்தது. குடல் காயத்தில் வார இறுதியில் நடக்கும் தாமதங்கள் பலவும் இப்படித்தான், ஒருவர் தவறு அல்ல, ஆள் மாறும்போது தகவல் கைமாறாத தவறு.

யார் மேல் வழக்கு என்பதும் இதோடு சேர்ந்தது. பொது மருத்துவமனையில் மருத்துவரும் தாதியும் ஊழியர்கள், அவர்கள் செய்ததற்கு மருத்துவமனை பொறுப்பு. தனியாரில் நிபுணர் பெரும்பாலும் அதே கட்டடத்தில் சொந்தக் கிளினிக் நடத்தும் தனி ஆள். அறுவை அரங்கும் வார்டும் மட்டும் மருத்துவமனையுடையவை. மருத்துவமனையில்தானே நடந்தது என்று மருத்துவமனையை மட்டும் குறிவைத்தால் அம்பு வேறு மரத்தில் போய்க் குத்தும்.

பணம். இதைப் பேசாமல் விட முடியாது. ஜெயித்தால் தா, தோற்றால் வேண்டாம் என்று இங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. 2022-ல் நிபந்தனைக் கட்டணத்தை அனுமதித்தார்கள்தான், ஆனால் அது நடுவர் தீர்ப்பு போன்ற சில வணிக வழக்குகளுக்கு மட்டும். தோற்றால் எதிர்த் தரப்பின் செலவிலும் பெரும்பகுதி நம் தலையில். நிபுணர் அறிக்கை இல்லாமல் மருத்துவ வழக்கு ஓர் அடி நகராது; ஊர் சின்னது, குடல் அறுவை நிபுணர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், ஒரே கல்லூரியில் படித்தவர்கள், அதனால் பலர் பிரிட்டனிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ நிபுணரை அமர்த்துகிறார்கள், அதற்கேற்ற செலவு. ஓட்டை உடனே கண்டுபிடிக்கப்பட்டு, கிளிப் போட்டு அடைத்து, ஒரு வாரத்தில் வீடு திரும்பியவர் கேட்கக்கூடிய தொகை மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தின் 60,000 வெள்ளி வரம்பைத் தாண்டுவதே அரிது. அதற்கு இத்தனை செலவு செய்வது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கணக்கு. அப்படிப்பட்டவர்கள் மருத்துவமனையிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு, சமரசப் பேச்சுக்குப் போவது மேல் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்; கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, நடந்ததை உட்கார்ந்து சொல்லி, மன்னிப்புக் கேட்டாலே பாதிப் பேரின் கோபம் அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நிரந்தரமாகப் பையோடு வாழ்பவர், வேலை போனவர், இறந்தவரின் குடும்பம் என்றால் கணக்கு வேறு. 250,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். வருமானம் குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சட்ட உதவிப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். வருமானத்தோடு வழக்கில் வலு இருக்கிறதா என்பதையும் அங்கே பார்ப்பார்கள்.

காலக்கெடு மூன்று ஆண்டு. காயம் நடந்த நாளிலிருந்து, அல்லது காயத்தையும் அதற்கு யார் காரணம் என்பதையும் அறிந்துகொண்ட, அறிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து. எப்படி இருந்தாலும் 15 ஆண்டுக்கு மேல் முடியாது. இங்கே ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: ஊருக்குத் திரும்பிப் போய்விட்டதால் இந்தக் கடிகாரம் நிற்காது. மதுரையிலோ தஞ்சாவூரிலோ திரும்ப ஆபரேஷன் செய்துகொண்டிருந்தால் அந்த மருத்துவமனையின் தாள்களும், அங்கே எடுத்த ஸ்கேன்களும் பத்திரமாக இருக்கட்டும்.

இங்குள்ள கோப்புகளைப் பணம் கட்டி விண்ணப்பித்து வாங்கலாம். மருத்துவ அறிக்கை வேண்டும் என்று மட்டும் கேட்டால் ஒரு பக்கச் சுருக்கம் வரும், அதில் நான் சொன்ன 118 இருக்காது. அறுவை சிகிச்சைக் குறிப்பு, தாதியரின் பதிவுத் தாள்கள், மயக்க மருந்துப் பதிவு, ஸ்கோப் படங்கள், வீடியோ எடுத்திருந்தால் அதுவும் என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுப்பது வேறு பாதை. அங்கே மருத்துவரின் நடத்தையை விசாரிப்பார்கள், எச்சரிக்கலாம், அபராதம் போடலாம், பதிவை நிறுத்தி வைக்கலாம். உங்களுக்கு ஒரு காசு வராது. இரண்டையும் ஒன்றென நினைத்து மன்றத்தில் புகாரைக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்து, மூன்று ஆண்டு கடந்துபோனவர்களும் உண்டு.

மரணம் என்றால் மரண விசாரணை அதிகாரி வருவார். சிகிச்சையின் விளைவாக நடந்த மரணத்தை அவருக்குத் தெரிவிப்பது கட்டாயம். எப்படி இறந்தார் என்று அவர் கண்டறிவாரே தவிர யார் குற்றவாளி, எவ்வளவு இழப்பீடு என்பது அவர் வேலை இல்லை. நம் வீடுகளில் இங்கே ஒரு சங்கடம் வரும். உடலை அறுக்கவேண்டாம், அன்றைக்கே மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று பெரியவர்கள் கெஞ்சுவார்கள். அந்த மனசு எனக்குப் புரியும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசினோம். ஆனால் குடலில் ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, விளிம்பு கருகியிருந்ததா, வெட்டுப்பட்டதா என்பதெல்லாம் அந்தப் பிரேதப் பரிசோதனையில்தான் தெரியும். கருகியிருந்தால் சூடு, அப்படியானால் தாமதமாக வெடித்தது. சுத்தமான வெட்டு என்றால் முதல் நாளே இருந்தது. பிறகு நடக்கும் மொத்த வாதமும் இந்த ஒரு வரியில் தொங்கும்.

போன வருஷம் என் அம்மாவுக்கு ஸ்கோப். நான் கூடப் போயிருந்தேன், ஆனால் மொழிபெயர்ப்பது நான் இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன், தமிழ் தெரிந்த தாதி ஒருவர் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினார். ஓட்டை விழலாம் என்ற இடம் வந்ததும் அம்மா அவரை நிறுத்தினார். "விழாதுன்னு சொல்லாதம்மா. விழுந்தா ராத்திரி யாருக்குப் போன் போடணும், அதைச் சொல்லு." தாதி சிரித்துவிட்டு, பாரத்தின் பின்பக்கத்தில் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார், எந்த அறிகுறி வந்தால் போன் போடாமல் நேரே கிளம்பி வரவேண்டும் என்பதையும் தமிழில் நான்கு வரி எழுதினார். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது.